சலூன் கதிரையில் கண்டது, இன்னும் மனதைவிட்டுப் போகாதது: உங்கள் அனுபவம் என்ன?

களக்கொப்பி

சமூகவியல் இறுதி ஆண்டு ஆய்வுக்காக நான்கு மாதம் கொழும்பில் கொட்டாஞ்சேனைச் சலூன் ஒன்றின் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கை, மூன்று கதிரை, பாதி வேகத்தில் சுற்றும் மின்விசிறி. பிள்ளையாரும் கொச்சிக்கடை அந்தோனியாரும் ஒரே சிவப்பு பல்பின் கீழ் இருப்பார்கள். எப்படிப்பட்ட கடை என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

முதல் மாதம் முழுவதும் கிழமைகளைத்தான் எழுதினேன். செவ்வாயும் வெள்ளியும் நம்மவர்களில் மூத்தவர்கள் தலையில் கத்தரி படவிடமாட்டார்கள். செவ்வாயில் சில சிங்களவர்களும் முஸ்லிம்களும் வருவார்கள், மற்றபடி கடை வெறிச்சோடியிருக்கும். வெள்ளியில் ஜும்ஆத் தொழுகைக்கு முன் ஓர் அவசரம். கார்த்திகை பிறந்து ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் தாடியோடு வாசலால் போவார்கள், கையை மட்டும் காட்டுவார்கள். நோன்புப் பெருநாளுக்கு முதல் இரவு நடுச்சாமம் தாண்டியும் கதிரை ஆறாது. இந்தக் கடைக்குப் பஞ்சாங்கம் தேவையில்லை, கதிரையைப் பார்த்தாலே நாள் தெரியும் என்று ஒரு வரி எழுதி நானே மெச்சிக்கொண்டேன்.

சொல்ல வந்தது அதுவல்ல.

பக்கவாதம் வந்த ஒரு பெரியவரைப் பேரன் மாதம் இரண்டு முறை கூட்டி வருவான். முகத்தின் இடப்பக்கம் சரிந்துவிட்டது. அவர் வந்தால் கடைக்கார அண்ணன் கதிரையைச் சுழற்றித் தெருவைப் பார்க்க வைத்துவிடுவார். வெளிச்சத்துக்காக என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் சவரம் முடிகிற நேரத்தில் கவனித்தேன். சரிந்த கன்னத்தில் கத்தி ஓட வேண்டுமென்றால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். அண்ணன் பெருவிரலைக் காதடியில் ஊன்றிக் கன்னத்தை மேலே தூக்கினார், வழித்தார், கத்தியைத் துவாயில் துடைத்தார். விரலை எடுக்கவில்லை. அப்படியே முழங்காலால் கதிரையைத் தள்ளிக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, "சரியா ஐயா?" என்று கேட்டார்.

கண்ணாடியில் இருந்தது நேரான முகம். ஐந்து விநாடி இருக்கும். பெரியவர் நாடியைத் தடவிப் பார்த்து, "மீசையில் இந்தப் பக்கம் கொஞ்சம்" என்றார். கதிரை மறுபடி தெருவுக்குத் திரும்பிய பிறகுதான் அண்ணன் விரலை எடுத்தார்.

நான் கொப்பியைத் திறந்தேன். அவர் சீனாக்காரக் கட்டியைத் தண்ணீரில் நனைத்தபடி, என்னைப் பார்க்காமலே, "எல்லாம் எழுதுங்கள் தம்பி. இதை எழுத வேண்டாம்" என்றார்.

எழுதினேன். ஆய்வேட்டில் 41ஆம் பக்கம். விரிவுரையாளர் ஓரத்தில் இரண்டு கோடு போட்டு, "இதுதான் ஆய்வு" என்று குறித்திருந்தார்.

அலைகரை

1997, போர்க்காலம். வவுனியாவில் கொழும்புக்கு வரப் பயண அனுமதிப் பாஸ் எடுத்து வந்தது, வெள்ளவத்தை லொட்ஜ், பொலிஸ் பதிவு, எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. வந்த மூன்றாம் நாள் காலி வீதியை ஒட்டிய ஒழுங்கையில் ஒரு சலூனுக்குள் ஏறினேன். பத்து நாள் தாடி. "மீசையையும் சேர்த்து எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்" என்றேன்.

அவர் கத்தியை மடித்துவிட்டு, "அடையாள அட்டை இருக்கிறதா?" என்றார்.

வயிறு கலங்கியது. தெருவில் கேட்டது போதாதென்று சலூனிலுமா? எடுத்துக் கொடுத்தேன். அப்போது வடக்கில் எடுத்த அட்டையில் சிங்களத்தோடு தமிழும் இருக்கும், நீட்டியவுடனே ஊர் தெரிந்துவிடும். அவர் ஊரைப் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்தார். அட்டையைக் கண்ணாடிச் சட்டத்தின் இடுக்கில் செருகினார். படத்தை ஒருமுறை, என்னை ஒருமுறை. வகிடு அதே இடத்தில். மீசை அதே கனத்தில். காதோரக் கிருதாவைக்கூடச் சீப்பை வைத்து அளந்து இறக்கினார். "சோதனைச் சாவடியில் முகம் பொருந்தவில்லை என்றால் இரவு முழுக்க அங்கேதான் நிற்பீர்கள்" என்று சொன்னார். அவ்வளவுதான் பேச்சு. நெற்றியில் விழுந்த ஒரு சுருளை மட்டும் வெட்டப் போய், மறுபடி அட்டையைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

பதினெட்டு வயதில் பிடித்த படம் அது. 2002இல் போர்நிறுத்தம் வரும்வரை அந்த மீசையோடுதான் திரிந்தேன். இப்போது மீசையே இல்லை.

களக்கொப்பி, ஜம்பட்டா வீதியில் எந்தப் பக்கம்? எனக்கு அங்கே நல்ல பழக்கம், ஆளைக் கண்டுபிடித்துவிடுவேன்.

பழைய மாணவன்

என் அனுபவம் சின்னது. மருதானையில் ஒரு சலூனில் அரைத்தலை வெட்டியிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. 2022ஆம் ஆண்டு, நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டிய காலம். பாதித் தலையோடு வீட்டுக்குப் போனேன். மனைவி இன்னும் சிரிக்கிறாள்.

ஆனால் இதிலெல்லாம் ஆய்வு செய்ய என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஊரில் முடி வெட்டும் பரியாரியார் வீட்டுக்கே வந்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்து வெட்டினார், அதற்குள்ளே ஆயிரம் சாதிக் கணக்கு இருந்தது, அதை ஆராயலாம். கொழும்புச் சலூனில் சாதி கிடையாது. காசு கொடுத்தால் எவரும் உட்காரலாம், பக்கத்துக் கதிரையில் யார் என்று எவரும் கேட்பதில்லை.

தையல்பெட்டி

கொழும்பில் சாதி கிடையாது என்று எழுதியவர் எந்தக் கதிரையில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்தார்? என் அப்பா முப்பத்தெட்டு வருடம் அந்தக் கதிரைக்குப் பின்னால் நின்றவர்.

ஆறாம் வகுப்பில் பாடசாலைப் படிவம் ஒன்று தந்தார்கள். 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் நான் 'வியாபாரம்' என்று எழுதினேன். யாரும் சொல்லித்தரவில்லை. பதினொரு வயதில் எனக்கே தெரிந்திருந்தது. கையெழுத்து வாங்கக் கடைக்குக் கொண்டுபோனேன். நான் நுழைந்ததும் வழக்கம்போல் பேச்சு நின்றது, வாங்கிலிருந்த ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பத்திரிகையை விரித்தார்கள். (களக்கொப்பி, அந்த மௌனம் உங்கள் ஆய்வேட்டில் வந்ததா? வந்திருக்காது. நீங்கள் ஆண், உங்களுக்கு அது கேட்டே இருக்காது.) அப்பா ஒருவரின் பிடரியில் பௌடர் போட்டுக்கொண்டிருந்தார். படிவத்தை வாங்கி வாசித்தார். அந்தச் சொல்லின் மேலேயே அவருடைய பெருவிரல் வெள்ளையாகப் பதிந்தது. ஊதினார், போகவில்லை. புறங்கையால் தட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

ஒன்றும் கேட்கவில்லை. இரவு சாப்பிடும்போதும் கேட்கவில்லை. இறக்கும்வரை கேட்கவில்லை.

சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. சாதியைச் சொல்லிப் பொது இடத்தில் ஒருவரை மறித்தால் குற்றம். சரி. என்னைப் பெண் பார்க்க வந்த மூன்று குடும்பமும் ஒருவரையும் எங்கேயும் மறிக்கவில்லை. தேநீரைக் குடித்தார்கள், "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டார்கள், போனார்கள். மூன்று வீட்டு ஆண்களும் மாதாமாதம் ஏதோ ஒரு சலூனில் தலையைக் குனிந்துகொண்டு உட்காருகிறவர்கள்தாம்.

நேர்கோடு

தெஹிவளையில் எனக்கு ஒருமுறை காதை வெட்டிவிட்டார்கள். தையல் போடவில்லை, தழும்பு இருக்கிறது. அது கிடக்கட்டும்.

யாரும் சொல்லாததால் சொல்கிறேன். சலூன்களில் இரட்டை முனை பிளேட்டைக் கடதாசியோடு மடித்து இரண்டாக முறித்துப் பாதியைத்தான் கத்தியில் பூட்டுவார்கள். உங்கள் கண் முன்னால் முறிக்கச் சொல்லுங்கள். மிச்சப் பாதி லாச்சிக்குள் போகிறதா, அது புதியதுதானா என்று பாருங்கள். கல்லீரலைப் பிடிக்கும் பி, சி வைரஸ்கள் இரண்டும் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி இரத்தத்தில் வரக்கூடியவை. சீனாக்காரம் இரத்தத்தை நிறுத்தும், கிருமிக்கு அதை நம்ப வேண்டாம். துவாயையும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். நான் கொண்டுபோகிறேன், சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

இனி களக்கொப்பிக்கு. நானும் ஒரு காலத்தில் கள ஆய்வு செய்தவன். சம்மதம் என்பது முதல் நாள் வாங்கும் கையெழுத்து அல்ல. ஒருவர் இடையில் "இது வேண்டாம்" என்றால் அந்தப் பகுதி அவருடையது, உங்களுடையது அல்ல. பெயரை மாற்றினேன் என்று சமாதானம் சொல்லாதீர்கள். மூன்று கதிரை, ஓர் ஒழுங்கை, பேரனோடு வரும் பக்கவாதக்காரர். அந்தத் தெருவில் எந்தக் குழந்தையும் ஆளைச் சொல்லிவிடும். மேலே ஒருவர் கண்டுபிடிக்கவும் புறப்பட்டுவிட்டார், பார்த்தீர்களா? கொப்பியைச் சலூனுக்குள் திறந்ததும் பிழை. உள்ளே கண்டதை வெளியே வந்து தேநீர்க் கடையில் எழுதியிருக்க வேண்டும். நினைவு போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை. சமூகவியலாளர் எம். என். சீனிவாஸ் 1948இல் மைசூர்ப் பக்கக் கிராமம் ஒன்றில் செய்த ஆய்வின் ஒழுங்குபடுத்திய குறிப்புகள் 1970இல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டில் தீவைப்பில் எரிந்துபோயின. பிறகு நினைவிலிருந்தே முழு நூலையும் எழுதினார். உங்களுக்கு நான்கு மாதச் சலூன் நினைவில் நிற்காதா?

எல்லாவற்றிலும் பெரியது, ஆய்வேட்டில் எழுதியது போதாதென்று இங்கேயும் எழுதிவிட்டீர்கள். ஒரு மனிதர் ஒன்றே ஒன்று கேட்டார். இரண்டு முறை மீறியிருக்கிறீர்கள்.

பழைய மாணவன்

தையல்பெட்டி, நான் கதிரையைப் பற்றித்தான் எழுதினேன், கல்யாணத்தைப் பற்றி அல்ல. ஆனாலும் 'பரியாரியார்' என்று மரியாதையாகத்தானே எழுதினேன்? நேர்கோடு, துவாய் கொண்டுபோகிறவர் நீங்கள்தானா? எங்கள் சலூனில் உங்களைப் பற்றிப் பேசுகிறார்கள்.

தையல்பெட்டி

மரியாதையாகத்தான் எழுதினீர்கள். அவரை வேப்பமரத்தடியில் நிறுத்தித்தான் எழுதினீர்கள். வீட்டுக்குள் வந்து ஒரு தேநீர் குடித்தாரா என்று எழுதவில்லை.

களக்கொப்பி

நேர்கோடு சொன்னது சரி. காலையிலிருந்து பதில் எழுத முயன்று அழித்துக்கொண்டிருக்கிறேன்.

அலைகரை, தேட வேண்டாம். அது ஜம்பட்டா வீதி அல்ல. கூட வருகிறவர் பேரனும் அல்ல. இங்கே எழுதும்போது அவ்வளவையாவது மாற்றினேன். விரலை மட்டும் மாற்ற முடியவில்லை.

தையல்பெட்டி, அந்த மௌனம் ஆய்வேட்டில் இல்லை. அண்ணனின் மகள் சாப்பாடு கொண்டுவருவாள். கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன், எல்லா நாளும் 'மகள் வந்தாள், போனாள்' என்றுதான் இருக்கிறது.

ஆய்வேட்டில் ஒரு பிரதி தருவதாக அண்ணனிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அவருக்காக அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு ஒன்று அச்சடித்தேன். கட்டி வாங்கிய பிறகுதான் பார்த்தேன், 40க்கு அடுத்தது 42. அது மேசையிலேயே கிடக்கிறது. எட்டு மாதமாக வேறு இடத்தில் முடி வெட்டுகிறேன். அங்கே ஒவ்வொரு முறையும் எப்படி வெட்ட வேண்டும் என்று கேட்கிறார்கள்.

தையல்பெட்டி

முழுப் பிரதியைக் கொண்டுபோங்கள். அவருக்கு வாசிக்க நேரமில்லை என்றாலும் அந்த மகள் வாசிப்பாள். 41ஐத்தான் முதலில் வாசிப்பாள்.

செவ்வாய்க்கிழமை போங்கள், கடையில் ஆள் இருக்காது. செவ்வாயில் வெட்டக்கூடாது என்பதை அப்பா ஒருநாளும் ஏற்றதில்லை, கடை வாடகை செவ்வாய்க்கும் சேர்த்துத்தான் என்பார். இந்த மாதம் வேறெங்கும் முடி வெட்டாமல் போங்கள்.