ரேடான் சோதனையில் 190 வந்திருக்கிறது, அடுத்து என்ன செய்வது?

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் ரேடான் (மண்ணிலிருந்து கசிந்து வீட்டுக்குள் சேரும் கதிரியக்க வாயு) சோதனை செய்தோம். கரித்தூள் அடைத்த சின்ன டப்பாவை நான்கு நாள் திறந்து வைத்து, மூடி ஒட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினோம். கன மீட்டருக்கு 190 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்று வந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 100-க்குள் இருக்கச் சொல்கிறது, முடியாத இடங்களில் 300-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. நாங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறோம்.

இதில் ஒரு கூத்து வேறு. சோதனை முடியும்வரை ஜன்னல், கதவுகளை மூடியே வைக்க வேண்டும். மூன்றாம் நாள் புழுங்குகிறது என்று அத்தை ஜன்னலை அகலத் திறந்துவிட்டார். அப்படியென்றால் உண்மையான அளவு இன்னும் கூடுதலாக இருக்குமோ?

பக்கத்து வீட்டில் 60தானாம். அதை வைத்து மனதைத் தேற்றிக்கொள்ள முடியவில்லை, இது வீட்டுக்கு வீடு மாறும். என் கவலையெல்லாம் அப்பாவைப் பற்றித்தான். கீழ் அறையில்தான் படுக்கிறார், சிகரெட்டும் விட்டபாடில்லை. புகையும் ரேடானும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு.

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். மூன்று மாதம் வைக்கும் நீண்டகாலச் சோதனை செய்துவிட்டு முடிவெடுப்பதா, இல்லை தரைக்கடியில் குழாய் இறக்கி விசிறி வைத்து வாயுவைக் கூரைக்கு மேல் வெளியேற்றும் வேலையை இப்போதே தொடங்கலாமா? வெறும் தரை விரிசலை அடைத்து யாருக்காவது அளவு குறைந்ததா? அப்புறம், அந்த விசிறிச் சத்தம் ராத்திரி தூங்க விடுமா?