பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோய் உங்கள் வீட்டில் எப்படித் தெரிய வந்தது?

காவிரிக்கரை:
அப்பாவுக்கு நடுக்கமே கிடையாது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, வலது தோள் பிடித்துக்கொண்டது என்று பிசியோதெரபிக்கு அலைந்தோம். பென்ஷன் விஷயமாக வங்கிக்குப் போனால் கையெழுத்து ஒத்துவரவில்லை என்கிறார்கள். வாத்தியார் கையெழுத்து, முன்பெல்லாம் கோட்டைத் தாண்டி ஓடும். அன்று, முதல் எழுத்து மட்டும் சுமாராக வந்தது, போகப்போகச் சிறுத்துக் கடைசியில் கடுகளவு. மறுபடி போட்டார், இன்னும் பொடியாக வந்தது. பேனாவில்தான் கோளாறு என்று அதை உதறி உதறிப் பார்த்தார். அப்புறம் நரம்பியல் டாக்டர் நடக்கச் சொன்னபோது, வலது கை வீசவே இல்லை. பார்க்கின்சன் என்றார்.

நெல்லை மகள்:
அம்மாவுக்கு நடுக்கம், மெதுநடை எல்லாம் இருந்தும் அது பார்க்கின்சன் இல்லை. ஏப்பத்துக்குக் கொடுத்த கேஸ் மாத்திரையில், இப்படி நடுக்கத்தைக் கொண்டுவரக்கூடிய லெவோசல்பிரைடு என்ற மருந்து சேர்ந்திருந்தது. பழைய சீட்டைக் காட்டியே மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். புது டாக்டர் மாத்திரைப் பையை மேஜையில் கவிழ்த்து, ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் படித்து, அதை மட்டும் தனியே தள்ளி வைத்தார். நிறுத்திச் சில மாதங்களில் அம்மா தானே கொண்டை போட்டுக்கொள்கிறார். தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசினும் இதே வேலையைக் காட்டுமாம்.

கொங்கு மாமா:
இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. என் மாமனாருக்குப் பல வருஷமாக இருக்கிறது. மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். பருப்பு, முட்டை, பாலோடு போட்டால் சரியாக ஏறாது. நேரம் தவறக்கூடாது. மலச்சிக்கலைக் கவனியுங்கள். எழுந்ததும் கிறுகிறுத்தால் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிபி பார்க்கச் சொல்லுங்கள். வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார்கள். தரையில் ஒரு கோட்டைக் காட்டித் தாண்டச் சொன்னால் பல நேரம் கால் வரும். பூனைக்காலி விதையிலும் லெவோடோபா உண்டு, உண்மைதான். அதற்காக டாக்டரிடம் சொல்லாமல் சூரணத்தையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு எகிறிவிடும். மாமனாருக்கு ஜன்னலில் இல்லாத ஆட்கள் தெரிய ஆரம்பித்தது அப்படித்தான்.

நெல்லை மகள்:
நான் எங்கே நிறுத்தச் சொன்னேன்? டாக்டர் நிறுத்தினார் என்றுதானே எழுதியிருக்கிறேன்?

காவிரிக்கரை:
சரி, சண்டை அப்புறம். அப்பா காலையில் பால் காபியோடுதான் மாத்திரை போடுகிறார். அதுவும் கணக்கா?

கொங்கு மாமா:
கணக்குதான். தண்ணீரோடு போடச் சொல்லுங்கள், காபி அரை மணி கழித்து. வயிற்றைப் புரட்டினால் மாத்திரையோடு ஒரு ரஸ்க் கொடுங்கள்.