மணல் வளவில் காயா மரம்: புதுப்பிப்பு
மட்டக்களப்பின் கடலோர மணல் வளவில், காயா என்னும் நீலப்பூ மரத்தின் கன்று பிழைக்குமா என்று சில ஆண்டுகளுக்கு முன்பு உங்களிடம் கேட்டிருந்தேன்; பிழைத்தது மட்டுமன்றி, இப்போது பூத்தும் இருக்கிறது. மாரி மழையை அது பொருட்படுத்தவில்லை. மேற்கிலிருந்து வீசும் வறண்ட கச்சான் காற்றுத்தான் இளந்தளிர்களைக் கருக்கியது என்பதால், உங்களில் ஒருவர் சொன்னபடி மேற்குப் பக்கம் கிடுகு மறைப்புக் கட்டி, அடியில் பொச்சுமட்டைகளை (தேங்காய் உரிமட்டைகளை) கவிழ்த்துப் பரப்பி, மாலையில் மட்டும் நீர் ஊற்றி வந்தேன். இலை உதிர்ந்த பழைய கணுக்களில், தண்டை ஒட்டியே, ஊசித்தலையளவு மொட்டுகள் கொத்துக் கொத்தாக நீலமாய் விரிந்துள்ளன. திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று பாடியவர்கள் மிகைப்படுத்தவில்லை. கறுத்துக் கனிந்த பழத்தைத் தின்னலாம், ஆனால் துவர்ப்புக் கலந்த அந்தச் சிறிய சதைக்காக மட்டும் இதை நடுமாறு நான் சொல்லமாட்டேன். விதை வேண்டுவோர், சதையை நீக்கி, காயவிடாமல் உடனே விதைக்கவும்.