பட்டைய உரிச்ச புங்க மரம்: உங்களுக்கும் இந்த மாதிரி அனுபவம் இருக்கா?

அல்சூர்வாசி:
எங்க தெருமுனை புங்க மரம்தான். யாரோ ராத்திரியோட ராத்திரியா இடுப்பு உயரத்துல ஒரு சாண் அகலத்துக்கு சுத்தி பட்டைய செதுக்கிட்டாங்க. காலைல பால் வாங்கப் போனப்ப தொட்டுப் பாத்தேன், ஈரமா வழவழன்னு இருந்துச்சு. எதிர்வீட்டு அக்கா "இலையெல்லாம் பச்சையாதானேப்பா இருக்கு, ஒண்ணும் ஆகாது"ன்னாங்க, நானும் விட்டுட்டேன். பல மாசம் பச்சையாவே நின்னுச்சு, தளிர்கூட விட்டுச்சு, அடுத்த வருஷம் மொத்தமா பட்டுப்போச்சு. தண்ணி ஏறுறது உள்கட்டை வழியா, அதுல வெட்டு விழல. இலை செய்ற சர்க்கரை பட்டையோட உள்பக்கமா இறங்கணும், அந்த வழி அறுந்துபோய் வேர் இருக்குற கையிருப்ப தின்னு தீத்து பட்டினில செத்துருக்கு. அந்த ஈரம் இன்னும் கைலயே இருக்கு.

ஜெயநகர் மாடித்தோட்டம்:
அதே வெட்டுதாங்க பதியத்துக்கும், அதாவது கிளைய செடிலயே வச்சு வேர் விட வைக்கறதுக்கு. தொட்டி மாதுளைல ஒரு இஞ்ச் பட்டைய உரிச்சு, ஈர பாசி வச்சு பிளாஸ்டிக் சுத்தினேன். பிரிச்சா வெட்டோட மேல் விளிம்புல மட்டும் வெள்ளை வெள்ளையா வேர், கீழ ஒண்ணுகூட இல்ல! இறங்கி வந்த சர்க்கரை அங்கயே தேங்கிடுச்சு. தண்ணிய வேர் மோட்டார் மாதிரி தள்ளிக்கிட்டே இருக்கறதால கிளை வாடல.

சம்பங்கி அப்பா:
மோட்டார்னு சொல்றது தப்புங்க. பொண்ணு ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு கே.ஆர். மார்க்கெட்ல வாங்கின வெள்ளை சம்பங்கிய நீல இங்க்ல வச்சோம், வேரே இல்லாத காம்பு, காலைல இதழெல்லாம் நீலக் கோடு. இலைலேருந்து தண்ணி ஆவியாகறதுதான் இழுக்குது, துளி துளிய பிடிச்சுக்கிட்டு கயிறு மாதிரி ஏறுது, டிக்சன், ஜோலின்னு ரெண்டு விஞ்ஞானிங்க 1894லயே சொன்னாங்க. வேர் தள்ளுறதும் உண்டு, விடியக்காலைல புல் நுனில நிக்கிற சொட்டு அதுதான், ஆனா பெரிய மரத்துக்கு அது பத்தாது.

அல்சூர் சார், இனி எங்கயாவது பாத்தா உடனே காயத்த ஈரத்துணியால மூடுங்க, காய விடாதீங்க. அதே மரத்துல விரல் தடிமன் இளங்குச்சி எடுத்து, ரெண்டு முனையையும் சீவி, ஒரு முனைய வெட்டுக்கு கீழ, இன்னொண்ண மேல பட்டைக்கு அடில சொருகணும், தலைகீழா வைக்கக் கூடாது, சுத்தி நாலஞ்சு இடத்துல வைங்க, சின்ன ஆணி அடிச்சு மெழுகு பூசுங்க. ஒட்டிக்கிட்டா சர்க்கரை அது வழியா இறங்கும்.

மல்லேஸ்வரம் பாட்டி பேரன்:
இதப் படிச்சிட்டு கீழ போய்ப் பாத்தேன். எங்க வாசல் மரத்துல பேனர் கட்டின இரும்புக் கம்பி பட்டைக்குள்ள புதைஞ்சு, கம்பிக்கு மேல மட்டும் டயர் மாதிரி வீங்கியிருக்கு. தினமும் அதுலதான் வண்டிய சாய்ச்சு நிறுத்துறேன், கண்ணுல படவே இல்ல. கட்டிங் ப்ளேயர் கீழ்வீட்டு அண்ணன்கிட்ட கேட்டு வாங்கிட்டேன்.