ஒரு ரூபாய் மொய்யும் சீனக் கல்யாணமும்: உங்களுக்கு நேர்ந்ததையும் சொல்லுங்கள்

ஃபோஷான்காரன்:

குவாங்டாங் மாகாணத்தில் ஃபோஷானில் மேசை, நாற்காலி கொள்முதல் வேலையில் இருக்கிறேன், மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் எங்கள் அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் பெண்ணின் தங்கைக்குக் கல்யாணம், அவசியம் வர வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். பணம் வைக்க வேண்டும், அதுவும் சிவப்பு உறையில் வைக்க வேண்டும், கசங்காத புது நோட்டாக இருக்க வேண்டும், இவ்வளவும் எனக்குத் தெரியும். எல்லாம் தெரிந்த மிதப்பில் ஐந்து நூறு யுவான் நோட்டுகளோடு நம் ஊர்ப் பழக்கத்தில் ஒரு யுவான் நாணயத்தையும் போட்டு உறையை ஒட்டிவிட்டேன்.

காரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அலுவலக அக்கா உறையைத் தடவிப் பார்த்து, உள்ளே என்ன காசு என்றார். ஐநூற்று ஒன்று என்றேன். பூஜ்யத்தில் முடிந்தால் உறவும் அதோடு முடிந்துவிடும், அதனால்தான் நாங்கள் ஒன்று சேர்ப்போம் என்று விளக்கம் வேறு கொடுத்தேன். அவருக்கு முகமே மாறிவிட்டது. கல்யாணத்துக்கு இரட்டைப்படையில்தான் வைப்பார்களாம். சாவு வீட்டுக்குத்தான் வெள்ளை உறையில் 101, 301, 501 என்று ஒற்றைப்படையில் கொடுப்பார்களாம், அந்தத் துக்கம் மறுபடி வரக்கூடாது என்று. யோசித்துப் பாருங்கள், கல்யாண வீட்டு வாசலில் அச்சு அசலாக இழவுப் பணத்தை நீட்டப் போயிருக்கிறேன்!

உறையைக் கிழித்தோம். சரி, வெறும் ஐநூறு வைக்கலாமா? அதுவும் கூடாது, அஞ்சு ஒற்றை எண் என்றார். நானூறு என்றால் நாலு, நாலின் ஓசை சாவு என்ற சொல்லோடு ஒட்டிவரும். 520 வைக்கட்டுமா என்று கேட்டதற்கு அவர் சிரித்த சிரிப்பில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். சீன மொழியில் ஐந்து, இரண்டு, பூஜ்யம் என்று 'வூ அர் லிங்' எனப் படித்தால் 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்பது போலக் காதில் விழுமாம், கல்யாணப் பெண்ணுக்கு நான் வைத்தால் நன்றாகவா இருக்கும்? கடைசியில் அறுநூறு. ஆறு என்றால் தடங்கல் இல்லாமல் ஓடும் என்று அர்த்தம்.

இவ்வளவு பாடுபட்டு, மண்டப வாசலில் பெண்ணின் அம்மாவிடம் இரண்டு கையாலும் நீட்டினேன். அந்த அம்மாள் வாங்கி, உறையின் ஒரு முனையை மட்டும் மடித்து, பிரிக்காமலே என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு வேர்த்துவிட்டது. ஐநூற்று ஒன்று விஷயம் எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது, மொய்யை மறுக்கிறார்கள் என்றே நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, இந்தப் பக்கத்தில் பல குடும்பங்களில் அதுதான் வழக்கமாம். முனையை மடித்தால் 'உன் மனசை வாங்கிக்கொண்டேன், பணம் உன்னிடமே இருக்கட்டும்' என்று அர்த்தம். சாப்பாடும் போட்டு பணத்தையும் திருப்பித் தரும் கல்யாணத்தை நான் பார்த்ததே இல்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கும், எழுதுங்கள்.

கெச்சியாவ் துணிக்காரர்:

தம்பி, நீங்கள் கொடுத்து வைத்தவர். இங்கே ஜெஜியாங் பக்கம் கொடுத்தது கொடுத்ததுதான். வாசலில் ஆள் உட்கார்ந்து பெயரையும் தொகையையும் எழுதி வைப்பார், அப்படியே நம் மொய் நோட்டு. அவர் வீட்டில் நீங்கள் வைத்தது என்ன என்று பார்த்துத்தான் உங்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பி வைப்பார்கள்.

என் கதை இதைவிட மோசம். பத்து வருடமாக எனக்குத் துணி கொடுக்கும் முதலாளி ஒருவர் புதுக் கடை திறந்தார். ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய சுவர்க் கடிகாரம் வாங்கிப் போனேன். நம்மூரில் கிரகப்பிரவேசத்துக்கு நாலு கடிகாரமாவது வந்து சேராமல் இருக்காது இல்லையா? நல்லவேளை, சீன வழக்கப்படி வந்தவர் முன்னால் பரிசைப் பிரிக்க மாட்டார்கள், ஆனால் நான்தான் பிரியுங்கள் பிரியுங்கள் என்று நச்சரித்தேன். பிரித்தார். அவர் மனைவி உள்ளே போய்விட்டார்.

கடிகாரம் கொடுப்பதைச் சொல்லும் 'சோங் ஜோங்' என்ற சொல்லும், பெரியவரின் கடைசிக் காலத்தில் கூட இருந்து வழியனுப்பி வைப்பதைச் சொல்லும் சொல்லும் காதுக்கு ஒன்றேதான். அவருக்கு வயது அறுபத்தெட்டு. மனுஷன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு யுவான் காசை எடுத்து என் கையில் வைத்து, "வாங்கிவிட்டேன்" என்றார். காசு கொடுத்துவிட்டால் அது பரிசு இல்லை, வியாபாரம். தோஷம் போய்விட்டது! அந்தக் கடிகாரம் இன்றைக்கும் அவர் கடையில் ஓடுகிறது.

குடையும் கொடுக்காதீர்கள், பிரிந்து போவது என்ற சொல்லின் ஓசை அதில் வரும். ஆண்களுக்குப் பச்சைத் தொப்பி வேண்டவே வேண்டாம், ஏன் என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள், இங்கே எழுத முடியாது.

நான்ஜிங் டாக்டர்:

மருத்துவம் படிக்கும்போது நடந்தது. வசந்த விழாவுக்கு, அதாவது சீனப் புத்தாண்டுக்கு, பேராசிரியர் ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார், ஒரு பெட்டி தேயிலை கொண்டுபோனேன். நீட்டினால், வேண்டாம் வேண்டாம், எதற்கு இதெல்லாம் என்றார். மறுபடி நீட்டினேன், மறுபடி வேண்டாம். பெரியவர் இரண்டு தடவை சொன்ன பிறகும் வற்புறுத்துவது மரியாதை இல்லை என்று நினைத்து, போகும்போது விடுதிக்கே திருப்பி எடுத்துவந்துவிட்டேன். மூன்றாவது தடவை நீட்டியிருக்க வேண்டுமாம்! வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சட்டைப்பையைக் காட்டும் மாமாக்களுக்கு நடுவில் வளர்ந்தவனுக்கு இது புரியாமல் போனதுதான் வெட்கம். அந்தத் தேயிலையை நானே குடித்தேன்.

பினாங்குக்காரி:

நீங்கள் எல்லோரும் சீனாவில் பார்த்ததைச் சொல்கிறீர்கள், நான் மலேசியாவில் சீனர்கள் பக்கத்து வீட்டில் இருக்க வளர்ந்தவள். புத்தாண்டுக்கு யார் வீட்டுக்குப் போனாலும் அம்மா இரண்டு மாண்டரின் ஆரஞ்சைக் கையில் கொடுத்து அனுப்புவார், ஒன்று கூடாது, ஜோடியாகத்தான். கான்டனீஸ் மொழியில் அந்தப் பழத்தின் பெயர் தங்கத்தைப் போல ஒலிக்கும். கிளம்பும்போது அவர்கள் வேறு இரண்டு பழத்தை நம் கையில் வைப்பார்கள், வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். பலகாரம் வந்த பாத்திரத்தை நாம் காலியாகத் திருப்பிக் கொடுப்போமா?

ஆனால் எனக்குப் பிடித்தது புத்தாண்டின் ஒன்பதாம் நாள்தான். எங்கள் பக்கத்து வீட்டில் ஹொக்கியன் என்ற சீன மொழி பேசும் பாட்டி, வானத்துக் கடவுளான ஜேட் பேரரசரின் பிறந்த நாளுக்கு வாசலில் முழுக் கரும்பு இரண்டை மேசையின் இரு பக்கமும் கட்டுவார், தோகையோடு, பார்த்தால் நம் பொங்கல் என்றே நினைப்பீர்கள். முன்னோர்கள் எதிரிகளுக்குப் பயந்து கரும்புத் தோட்டத்தில் ஒளிந்து பிழைத்தார்கள் என்பது அவர் சொன்ன கதை. ஹொக்கியனில் கரும்பும் நன்றியும் கிட்டத்தட்ட ஒரே ஓசை. என் தம்பி சின்ன வயதில் பூஜை முடியும் முன்பே அதை உடைத்துத் தின்றுவிட்டான், பாட்டி அவனைத் திட்டவே இல்லை, அம்மாதான் விளாசினார்.

அப்புறம், ஆங்பாவ், அதாவது பணம் வைத்த சிவப்பு உறை, கல்யாணம் ஆகாதவர்களுக்குத்தான் என்பதால் முப்பத்து மூன்று வயது வரை வாங்கினேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஷென்ஜென் ஐடி:

இப்போது சிவப்பு உறை எல்லாம் வீசாட் என்ற செல்போன் ஆப்பில்தான். 2014 புத்தாண்டில் ஆரம்பித்தது, ஒரு உறைக்கு 200 யுவான் வரை போடலாம். எங்கள் குழுவில் மேனேஜர் ஒரு உறையைப் போட்டால் யாருக்கு எவ்வளவு என்பதை ஆப் தானே பிரிக்கும், அதிகம் கிடைத்தவர் அடுத்த உறையைப் போட வேண்டும் என்பது எங்கள் குழுவின் சட்டம். எனக்குத் தெரியாது. மூன்று முறை அதிகம் எனக்கே விழுந்தது, மூன்று முறையும் நன்றி சொல்லும் பொம்மைப் படத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். நாலாவது தடவை ஒருவர் என் பெயரைக் குறிப்பிட்டு வெறும் கேள்விக்குறி மட்டும் போட்டார்.

ஃபோஷான்காரன்:

துணிக்கார அண்ணன் சொன்னதைப் படித்ததும் என் பர்ஸைத் திறந்து பார்த்தேன். உறையிலிருந்து எடுத்த அந்த ஒரு யுவான் இன்னும் அப்படியே இருக்கிறது.

கெச்சியாவ் துணிக்காரர்:

செலவழித்துவிடாதீர்கள் தம்பி. நான் ஃபோஷான் வரும்போது கடிகாரம் வாங்கி வருகிறேன்.