புதுப்பிப்பு: ஒரு லட்ச ரூபாய்க்கு மலை சைக்கிள் வாங்கலாமா?

30,000 ரூபாய் வண்டியே போதுமா, 1 லட்சம் வரை போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா, லட்ச ரூபாய் வண்டியையே எடுத்துவிட்டேன். கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்து மண்பாதைகளில் ஓட்டிய பிறகு சொல்கிறேன்: கூடுதலாகக் கொடுத்த காசு ஃபோர்க்கிலும் (முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்வை உள்வாங்கும் பகுதி) பிரேக்கிலும்தான் தெரிகிறது. விலை குறைந்த ஸ்பிரிங் ஃபோர்க், ஓட்டுகிறவர் 55 கிலோ என்றாலும் 90 கிலோ என்றாலும் ஒரே விறைப்புதான். என் வண்டியில் இருப்பது ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றழுத்தத்தில் வேலை செய்யும் ஏர் ஃபோர்க்; அதில் என் எடைக்கேற்பக் காற்றடித்து, ரீபவுண்டையும் (அமுங்கிய ஃபோர்க் திரும்ப எழும் வேகம்) திருகி வைத்ததும், வேர்கள் மேல் முன்சக்கரம் துள்ளாமல் தரையோடு ஒட்டிப் போகிறது. நீளமான இறக்கத்திலும் திரவ அழுத்தத்தில் பிடிக்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு ஒரு விரல் போதும். கார்பன் ஃபிரேமுக்கு மட்டும் நான் காசு போடமாட்டேன். தார் ரோட்டில்தான் ஓட்டுவீர்கள் என்றால் இதெல்லாம் வேண்டாம், ரோட்டுக்கும் லேசான மண்பாதைக்கும் ஏற்ற ஹைப்ரிட் சைக்கிள் எடுங்கள். அப்புறம், ஏர் ஃபோர்க்குக்கு அதிக அழுத்தத்தில் காற்றடிக்கும் ஷாக் பம்ப் தனியாக வேண்டும். அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.