நல்ல காலத்துலதான் பட்டாம்பூச்சி விதவிதமா பொறக்குமா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

சிப்புட்_சரசு:
எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவுல சுங்கை சிப்புட். அப்பா அம்மா ரெண்டு பேரும் ரப்பர் மரம் சீவுனவங்க, லயம் இருந்த இடமெல்லாம் இப்ப பாமாயில் எடுக்குற செம்பனை, நாங்க டவுன்ல தாமான்னு சொல்ற குடியிருப்பு வீட்டுக்கு வந்து இருவது வருஷமாச்சு. மக யுனிவர்சிட்டில பயோலஜி படிக்கிறா, மார்ஷ் ஃப்ரிட்டிலரின்னு அழிஞ்சுட்டு வர்ற ஒரு ஐரோப்பா பட்டாம்பூச்சி பத்தி வகுப்புல பேசணுமாம், ராத்திரியானா போன்ல வாசிச்சுக் காட்டுவா, நான் அஞ்சாம் படிவத்தோட நின்னவ, ஆனா கேக்க ஆரம்பிச்சா விட மனசு வரல. படத்துல ஆரஞ்சு, வெளிர் மஞ்சள், காப்பிக் கலர்னு கட்டம் கட்டமா கைலித் துணி மாதிரி இருக்கு.

இங்கிலாந்து வடக்குல கம்பர்லாந்துன்னு ஒரு இடம், அங்க ஒரு கூட்டத்தை ஃபோர்டுன்னு அப்பாவும் மகனும் வருஷக்கணக்கா போய்ப் பாத்திருக்காங்க. அவங்களுக்கு முன்னாடி மத்தவங்க பிடிச்சு ஊசி குத்தி வெச்ச பூச்சிகளையும் சேத்து 1881ல இருந்து கணக்கு எடுத்து 1930ல எழுதியிருக்காங்க. மொதல்ல ஏராளமா இருந்துச்சு, அப்புறம் கொறஞ்சு கொறஞ்சு ஒரு சீசனுக்கு நாலஞ்சு கண்ணுல பட்டாலே பெருசுன்னு ஆயிருச்சு, 1920ல இருந்து 1924க்குள்ள திடுதிப்புன்னு பெருகிருச்சு. அப்படிப் பெருகுன வருஷங்கள்லதான் ஒண்ணு போல இன்னொண்ணு இல்லையாம், சிலதுக்கு றெக்கையே கோணிப்போய் பறக்க முடியல. பெருக்கம் நின்னதும் மறுபடி எல்லாம் ஒரே மாதிரி, ஆனா பழைய மாதிரி இல்ல, வேற மாதிரி.

என் சந்தேகம் இதுதான். கஷ்டம் வந்தாதானே மாறணும், பொழைக்கிறதுக்காக? நல்லா இருக்குற நேரத்துல ஏன் மாறுது? இன்னொண்ணு, எங்க வீட்டுக் கருவேப்பிலை மரத்துப் புழு ரெண்டை ஜாடில போட்டு வளத்தோம், ஒண்ணு கறுப்புல வெள்ளைப் பட்டையோட வந்துச்சு, இன்னொண்ணுக்கு பின் றெக்கையில சிவப்புப் பொட்டு. இதுவும் அதுவும் ஒரே சமாச்சாரமா?

ஈப்போ_பயோ_டீச்சர்:
சரசுக்கா, மாறணும்னு எந்தப் பூச்சியும் நினைச்சு மாறுறதில்ல, கோணல் மாணலா பொறக்குறது எல்லா வருஷமும் நடக்கும், உயிரோட தங்குதாங்கிறதுதான் வருஷத்துக்கு வருஷம் வித்தியாசம். ஒரு பெண் பூச்சி சுக்கிசாங்கிற செடியோட இலைக்கு அடியில நூத்துக்கணக்குல முட்டையைக் குவியலா வைக்கும், எல்லாம் பொழைச்சா நாடு தாங்காது. குளிர், குளவி, பட்டினி எல்லாம் சேந்து பெரும்பாலானதைக் கொண்டுபோயிரும், அதுல கொஞ்சம் பலவீனமானது மொதல்ல போகும். எல்லாம் தோதா அமைஞ்ச வருஷத்துல அதுவும் தப்பிச்சு றெக்கை விரிச்சு வருது, அதான் ஃபோர்டு கண்ணுல பட்டது. அப்புறம் எண்ணிக்கை நிலையானதும் பலவீனமானதை வடிகட்டுற சல்லடை மறுபடி இறுகுது.

கருவேப்பிலை பூச்சி வேற கதை. காமன் மோர்மன்னு சொல்வாங்க, ஆண் எப்பவும் ஒரே மாதிரி, வெள்ளைப் பட்டை. பெண்ணுல பல வகை உண்டு, ஒரு வகை ஆண் மாதிரியே இருக்கும், இன்னொரு வகை சிவப்புப் பொட்டோட காமன் ரோஸ்ங்கிற பூச்சியைப் பாத்து வேஷம் போட்ட மாதிரி. அந்த ரோஸ் விஷமுள்ளது, குருவி தொடாது, அதனால இதுக்கும் பாதுகாப்பு. டபுள்செக்ஸ்ங்கிற ஒரே ஜீன்தான் இதை முடிவு பண்ணுதுன்னு 2014ல கண்டுபிடிச்சாங்க. உங்க சிவப்புப் பொட்டு கண்டிப்பா பெண். இந்த ரெண்டு வகையும் நல்ல வருஷம் கெட்ட வருஷம்னு பாக்காம எப்பவும் சேந்தே இருக்கும், ஃபோர்டு பாத்தது சில வருஷத்துக்கு மட்டும் வந்து மறைஞ்சது, மகளை இது ரெண்டையும் கலக்க வேணாம்னு சொல்லுங்க.

பழைய_மண்டோர்:
டீச்சரம்மா குளவின்னதும் எனக்கு செம்பனை ஞாபகம் வந்துருச்சு. மட்டையைத் தின்னுற பைப்புழு இருக்கே, அதோட பையைப் பிரிச்சா சில நேரம் உள்ள புழு காஞ்சு சுருங்கிக் கெடக்கும், பை ஓரத்துல ஊசி குத்துன மாதிரி ஒரு ஓட்டை, குளவி அந்த வழியா வெளிய போயிருக்கும். அந்தக் குளவிக்குத் தேன் கெடைக்கணும்னுதான் தோட்டத்து ரோட்டோரமா டெர்னராங்கிற செடியை நட்டு வெச்சோம், வெள்ளைப் பூ, நடுவுல கருமையா இருக்கும், காலையில விரிஞ்சு மத்தியானம் மூடிக்கும். மருந்து அடிச்சா புழுவோட குளவியும் சாவும், அப்புறம் புழு இன்னும் அதிகமா வரும், நான் கண்ணால பாத்திருக்கேன். அந்த ஐரோப்பாப் பூச்சிக்கும் குளவிதான் ஏத்த இறக்கத்துக்குக் காரணமா?

ரெகு_கம்பார்:
ஐயா, ஒரு பெரிய காரணம் அதுதான். கோட்டீசியாங்கிற சின்னக் குளவி அந்தப் புழுவுக்குள்ள முட்டை வைக்கும். இதுல வெயில் கணக்கு ஒண்ணு இருக்கு. பனிக்காலம் முடிஞ்சதும் கறுப்புப் புழுக்கள் கூட்டமா வெயில்ல படுத்து உடம்பைச் சூடு பண்ணிக்கும், சுத்தி இருக்குற காத்தை விட நல்ல சூடு. குளவியோட கூட்டுப்புழு மட்டும் புல்லுக்கு அடியில நிழல்ல குளுந்து கெடக்கும். வெயில் அடிச்ச வருஷம் புழு முந்திக்கிட்டு கூட்டுப்புழுவா ஆயிரும், குளவி வர்றப்ப ஆள் இருக்காது. மேகமூட்டமான வருஷம் ரெண்டும் ஒரே நேரத்துல வந்துரும், அப்ப குளவி ஜெயிக்கும்.

டீச்சர் சொன்னதுல ஒரு இடத்துல மட்டும் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. பெருகி முடிச்சப்ப வந்த வேற மாதிரி உருவத்துக்கு சல்லடை மட்டும் காரணமா இருக்கணும்னு இல்ல. நாலஞ்சு பூச்சிதான் மிச்சம்னா அந்த நாலஞ்சுகிட்ட என்ன ஜீன் இருந்துச்சோ அதுதான் பின்னால வர்ற அத்தனைக்கும், அது வெறும் அதிர்ஷ்டம். ஃபோர்டு பாத்து எழுதுனாங்களே ஒழிய பரிசோதனை செய்யல.

கொறைஞ்சா என்ன ஆபத்துன்னு ஃபின்லாந்துல காட்டுனாங்க. ஆலாண்டு தீவுல கிளான்வில் ஃப்ரிட்டிலரி, இதுக்கு உறவுக்காரப் பூச்சி, சுமாரா 4000 சின்னப் புல்வெளி, ஹான்ஸ்கிங்கிற விஞ்ஞானியோட குழு வருஷா வருஷம் போய்ப் புழுக் கூடு எண்ணுனாங்க. 42 கூட்டத்தைப் பாத்ததுல ஒரு வருஷத்துல 7 அழிஞ்சுது, சொந்தத்துக்குள்ளேயே கலந்து ஜீன் ஒண்ணாப்போன கூட்டத்துக்குதான் ஆபத்து அதிகம்னு 1998ல எழுதுனாங்க. ஒரு புல்வெளில அழிஞ்சாலும் பக்கத்துப் புல்வெளில இருந்து பறந்து வந்து மறுபடி குடியேறும், நடுவுல தொடர்பு அறுந்தாதான் முடிஞ்சுது.

ஃபோர்டு பாத்த அதே வட்டாரத்துல பின்னால இந்தப் பூச்சி ஏறக்குறைய இல்லாமப் போச்சு, கடைசியா மிஞ்சுனதை எடுத்து ஸ்காட்லாந்துப் பூச்சியோட கலந்து வளத்து 2007ல திரும்ப விட்டாங்க. உங்க மக இதைச் சொன்னா பேச்சு முழுசாகும் அக்கா.

பழைய_மண்டோர்:
அங்க மாடு மேயுமா தம்பி? நான் இன்னும் ரெண்டு மாடு வெச்சிருக்கேன், அதான் கேக்குறேன்.

ரெகு_கம்பார்:
மேயணும் ஐயா. லேசா மாடு மேஞ்சு புல்லு திட்டுத் திட்டா ஏத்த இறக்கமா இருந்தாதான் சுக்கிசாவுக்கு வெளிச்சம் கெடைக்கும். செம்மறி ஆடு மேஞ்சா அந்தச் செடியையே தேடித் தேடித் தின்னுரும், மேய்ச்சலே இல்லன்னா புதரு மூடிரும்.

சிப்புட்_சரசு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மககிட்ட இப்பதான் வாசிச்சேன், நாலஞ்சு பூச்சி மிச்சம்ங்கிற எடத்துல அவ நிறுத்தி மறுபடி படிக்கச் சொன்னா, பேச்சை அங்க இருந்தே ஆரம்பிக்கப் போறாளாம். ஐயா, ஞாயித்துக்கிழமை அவ வீட்டுக்கு வர்றா, டெர்னராவும் அந்த ஓட்டை விழுந்த பையும் நேர்ல பாக்கணும்ங்கிறா. காலையில எட்டு மணிக்குள்ள வந்தா பூ விரிஞ்சிருக்குமா, எந்தப் பக்கத்து ரோட்டுக்கு வரணும்?

பழைய_மண்டோர்:
வாங்கம்மா, விரிஞ்சிருக்கும். கோயில் தாண்டி பழைய தராசுக் கொட்டகை பக்கம் வந்து நில்லுங்க, நான் மாட்டை ஓட்டிக்கிட்டு அங்கதான் வருவேன்.